கண்ணாடிக் கறை

பேருந்து நிலையத்து ஒலிபெருக்கி பேசத் தொடங்கினால், சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த கண்ணாடிக் கடையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருக்கும் மெல்லிய தகடுகள் முனகும். கனத்த தகடுகள் அசைவதில்லை. புகைப்படச் சட்டங்களுக்கு வெட்டும் இரண்டு மில்லிமீட்டர்த் தகடுகள் மட்டும் ஒன்றோடொன்று உரசிக் கிர்ரென்று ஒலிக்கும். வைர ஊசியால் கோடு இழுத்துக்கொண்டிருக்கும் கண்ணாடிக்காரர் அந்த முனகலைக் கேட்டுத்தான் தலை நிமிர்வார். அறிவிப்பு அதற்குப் பிறகுதான் அவர் காதில் விழும். மூன்றாவது மேடையில் எந்த வண்டி நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை தாயைத் தேடி அழுகிறது என்று அவருடைய மனைவியின் குரல் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளை 'மைக்கக்கா' என்றார்கள். நிலையத்தின் நடுவில் பெட்டி போல ஓர் அறை. மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைப் பொருத்தியவர் அவர்தான். கல்யாணத்துக்கு முன்பே பொருத்தியது. கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டும் புட்டி காய்ந்ததா என்று பார்க்கப் போய்ப் போய்த்தான் கல்யாணம் நடந்தது என்பது ஓட்டுநர்களின் பழைய கேலி. தேநீர் நேரத்தில் இப்போதும் போவார். பேருந்துப் புகையும் தூசியும் படிந்த முன்கண்ணாடியில் மூச்சு விட்டு, சட்டைப் பையிலிருக்கும் பருத்தித் துணியால் மூலை முதல் மூலை வரை துடைப்பார். உள்ளே அவள் தலையை ஆட்டிச் சிரிப்பாள்.

"என் மூஞ்சியப் பாக்க வர்றீங்களா, கண்ணாடியப் பாக்க வர்றீங்களா?"

"ரெண்டும் ஒரே இடத்துல இருக்கே."

அந்தத் துணிதான் அவருடைய அடையாளம். கண்ணாடி வெட்டும் தொழிலில் கை தவறுவதை மன்னிக்கலாம், கறையை மன்னிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. வாங்குபவர் அவசரப்பட்டாலும் விடமாட்டார். ஒளியில் சாய்த்துப் பார்ப்பார். விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, தகடுகளுக்கு நடுவே தூவும் வெள்ளைப் பொடியின் மங்கல், எது தெரிந்தாலும் ஒரு மூச்சு, ஒரு துடைப்பு. "கடையை விட்டுப் போற கண்ணாடில என் மூச்சுகூடத் தங்கக் கூடாது" என்பார். வீட்டில் தண்ணீர்க் குவளை, மருந்துப் புட்டி, அடுத்தவர் மூக்குக்கண்ணாடி எதையும் அவர் கை விட்டதில்லை. கூடவே வசித்த அவருடைய அக்கா, தன் கண்ணாடி தம்பியின் கைக்குப் போய்விட்டதைக் கண்டால், "டேய், கண்ணு தெரியணும்னுதான் அதப் போட்டிருக்கேன். தேச்சுத் தேச்சு ஓட்டை போட்டுடாத" என்று கத்துவார்.

மனைவியின் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டதும் கண்ணாடிக்காரர்தான். ஓர் அலமாரிக்காக வெட்டிய ஆளுயரக் கண்ணாடி கடையில் நின்றிருந்தது. வேலை முடிந்து வந்த மனைவி அதன் முன் நின்று கொண்டையை அவிழ்த்துக் கட்டினாள். கண்ணாடி சாய்ந்திருக்கிறதா என்று மட்டம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அதில் தெரிந்த கழுத்தின் இரு பக்கமும் ஒன்றாக இல்லை என்று பட்டது.

"கொஞ்சம் நேரா நில்லு."

"நேராத்தான் நிக்கறேன்."

"எச்சில் முழுங்கு."

முழுங்கினாள். இடப்பக்கத்தில், தோலுக்கு அடியில், நெல்லிக்காய் அளவில் ஏதோ ஒன்று ஏறி இறங்கியது. இருவரும் கண்ணாடிக்குள்ளேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று சாப்பிடும்போது அக்கா தொட்டுப் பார்த்தார். "புருஷன் சங்கிலி போடமாட்டேங்கறான்னு உள்ளேயே ஒரு மணி கோத்துக்கிட்டா பாரு" என்றார். சொல்லிவிட்டுத் தட்டில் கையை வைத்தபடி வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தார்.

ஊர் ஆஸ்பத்திரி சிறியது. மருத்துவர் கழுத்தைத் தொட்டு, கருவியை உருட்டிப் படம் பார்த்து, ஊசியால் சிறிது எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். மனைவி உடனே எழுந்து நின்றுவிட்டாள்.

"கழுத்துலயா? டாக்டர், நான் வாயால பொழைக்கிறவ."

"குரல் ஒண்ணும் ஆகாதும்மா. மெல்லிசு ஊசி. ரத்தம் எடுக்கிற ஊசியவிடச் சின்னது."

"எங்க டிரைவர் ஒருத்தர் சொன்னாரு, அவங்க சொந்தத்துல ஒருத்தருக்குக் குத்தினப்புறம்..."

"டிரைவர் வண்டிய ஓட்டட்டும்" என்றார் மருத்துவர். "இது என்ன கட்டின்னு தெரியாம நான் எதுவும் சொல்ல முடியாது. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா இருந்தா, சீக்கிரம் தெரியறதுதான் உங்க குரலுக்கு நல்லது."

அவள் அன்றும் ஒப்பவில்லை, அடுத்த வாரமும் ஒப்பவில்லை. கோடை ஏறியது. வெப்பத்தில் கடையின் புட்டி இளகிக் கையில் ஒட்டியது. கண்ணாடிக்காரர் கெஞ்சினார், அக்கா திட்டினார். கடைசியில் ஒரு மதியம், குவளைத் தண்ணீரை முழுங்கும்போது உள்ளே எதுவோ தடுத்ததாக உணர்ந்த பிறகு, அவளே சொன்னாள்:

"ஒரே தடவை. நல்லாக் கேட்டுக்குங்க. அதுக்கு மேல என் கழுத்துப் பக்கம் ஒருத்தரும் ஊசியோட வரக் கூடாது."

ஊசி போடும் அறையின் வெளியே அவர் உட்கார்ந்திருந்தார். கதவின் மேற்பாதியில் கண்ணாடி. அதில் ஒரு கீறல். கீறல் மீது யாரோ பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். மாற்றுக் கண்ணாடிக்கு எவ்வளவு அளவு வேண்டும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். உள்ளிருந்து மருத்துவரின் குரல் கேட்டது. "தலையப் பின்னால சாய்ங்க. முழுங்கக் கூடாது. பேசக் கூடாது." பிறகு நிசப்தம். நாளெல்லாம் அவள் குரலைக் கேட்டே பழகியவருக்கு, அவள் அருகிலிருந்தும் பேசாதிருந்த அந்த நேரம் தாங்க முடியாததாக இருந்தது.

சற்றுக் கழித்து லேப் பெண் வந்தாள். இளையவள், பேச்சும் நடையும் வேகம். ஒரு கையில் அட்டைப் பெட்டி, மறு கையில் அடைப்பிட்ட சிறு குப்பி, குப்பியில் ரத்தம்.

"அண்ணா, இங்க பாத்துச் சொல்ல ஆள் கிடையாது. இது ரெண்டையும் பெரிய ஆஸ்பத்திரி லேப்ல கொடுத்துடுங்க. இன்னைக்கே போகணும். பெட்டில நாலு கண்ணாடி இருக்கு. பத்திரம், உடைஞ்சிடப் போகுது."

கண்ணாடிக்காரர் சிரித்தார். "கண்ணாடியப் பத்தி என்கிட்டச் சொல்றியாம்மா? என் கையில இதுவரைக்கும் ஒண்ணு உடைஞ்சதில்ல."

"அப்ப நான் கவலைப்பட வேண்டியதில்ல" என்று அவளும் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

மனைவி கழுத்தில் சிறு பஞ்சு ஒட்டியபடி நேராக வேலைக்குப் போனாள். வலியைவிடத் தன் குரலைச் சோதித்துப் பார்க்கும் அவசரம் அவளுக்கு. கண்ணாடிக்காரர் நகரத்து வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி நகரும்போது ஒலிபெருக்கியில் அதே வண்டியின் புறப்பாட்டை அவள் அறிவித்தாள். குரல் முழுதாக இருந்தது. வழக்கத்தைவிட ஒரு படி உயர்ந்தும் இருந்தது. "பயணிகள் பொருள்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்" என்று வழக்கத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைக் கடைசியில் சேர்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டினார்.

ஊர் எல்லை தாண்டியதும் உடைந்திருக்குமோ என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தார். விரல் நீளத்தில் நான்கு சில்லுகள், பள்ளங்களில் நின்றிருந்தன. ஒன்றை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தார். நல்ல கண்ணாடி; குமிழ் இல்லை; ஓரம் சீராகத் தேய்க்கப்பட்டிருந்தது. ஒரு முனையில் பென்சிலால் எண். நடுவில் அழுக்கு. காய்ந்த கஞ்சித் துளியைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டது போல வெளிறிய ஒரு தீற்றல்; அதன் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. நான்கிலும் அப்படியே.

கழுத்திலிருந்து எடுத்தது குப்பியில் இருக்கிறது என்றுதான் அவர் எண்ணியிருந்தார். ஊசியால் உறிஞ்சினால் குப்பியில்தானே ஊற்றுவார்கள்? அந்த ரத்தம் கையிலிருந்து வேறு சோதனைக்காக எடுத்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்தச் சில்லுகளில் குப்பியிலிருப்பதை ஊற்றிப் பார்ப்பார்கள் என்று அவர் தமக்குள் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். அந்த முறைப்படி, பார்க்க வேண்டிய கண்ணாடி இவ்வளவு அழுக்காக இருந்தால் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? அந்தப் பெண் அவசரக்காரி. கையுறையோடு தொட்டு இழுவிவிட்டாள் போலிருக்கிறது. மனைவியின் உயிர்ச் சங்கதி. கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டாமா?

மூச்சு விட்டார். சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்தார். பென்சில் எண் இருந்த முனையை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு மெல்லத் துடைத்தார். எண் முக்கியம் என்று அவருக்குத் தெரியும். ஒரு சில்லில் கறை விடாமல் ஒட்டியிருந்தது. அதை நகத்தின் ஓரத்தால் சுரண்டி, மறுபடி மூச்சு விட்டுத் தேய்த்தார். நான்கும் பளபளத்தன. வெளியே ஓடிய மரங்கள் அவற்றின் வழியே துல்லியமாகத் தெரிந்தன. பெட்டியை மூடி, நகரம் வரும்வரை இரு கைகளாலும் மடியில் பிடித்திருந்தார். அன்று முழுவதும் அவருக்கு இருந்த ஒரே நிம்மதி, தன்னால் ஆன ஒன்றைச் செய்துவிட்டோம் என்பது.

முடிவு கேட்கப் போன நாளில் இருவரும் மருத்துவர் முன் உட்கார்ந்திருந்தார்கள். லேப் பெண்ணையும் அவர் கூப்பிட்டனுப்பியிருந்தார்.

"நாலு ஸ்லைடுலயும் ஒரு செல்கூட இல்லைன்னு சொல்லியிருக்காங்க. மத்த லேப்லேர்ந்து பழுதா வரும், அரைகுறையா வரும். கடையிலேர்ந்து இப்பத்தான் வாங்கின மாதிரி வந்தது இதுதான் முதல் தடவைன்னு போன்ல சிரிக்கறாங்க." அவர் லேப் பெண்ணைப் பார்த்தார். "நீ என்ன தடவினே?"

"டாக்டர், நான் தடவினேன். கண்ணுக்கே தெரிஞ்சுது. காய வச்சுத்தான் பெட்டில வச்சேன்."

"தெரிஞ்சது அங்க போறதுக்குள்ள பறந்துபோச்சா?"

"இல்ல டாக்டர்... எனக்கு..."

"ஊசி போட்டது நான். வந்ததையும் பாத்தேன். அதக் கண்ணாடில பரப்பத் தெரியலன்னா எதுக்கு இந்த வேலை?"

பெண் தன் கைகளைப் பார்த்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் கண்ணாடிக்காரரும் தம் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கறையைச் சுரண்டிய வலக்கைப் பெருவிரல் நகம். மருத்துவர் இன்னும் ஏதோ சொன்னார். மறுபடி ஒரு தடவை குத்தினால் போதும், சில நேரம் இப்படி ஆவதுண்டு, தள்ளிப்போட வேண்டாம் என்றார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு எழுந்தது. நான்கு பேர் இருக்கும் அறை, மருத்துவர் சிரிப்பார், மனைவி திரும்பிப் பார்ப்பாள். அந்தத் திரும்பலை நினைத்தார். நாக்கு படுத்துக்கொண்டது.

"போதும் டாக்டர்" என்று மனைவி எழுந்தாள். "ஒரு தடவைக்கே நான் எப்படி வந்தேன்னு எனக்குத்தான் தெரியும். இந்தப் பொண்ணு வேலை கத்துக்க என் கழுத்தா கிடைச்சுது?"

வெளியே வரும்போது லேப் பெண் நடைபாதைச் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் அவளைக் கடந்து போனார்.

மழைக்காலம் வந்தது. மழையில் கண்ணாடி விற்காது. வெட்டிய கண்ணாடி ஊதிய மரச் சட்டங்களில் பொருந்தாது. வேலையற்ற கடையில் உட்கார்ந்து அவர் ஒலிபெருக்கியைக் கேட்டார். வீட்டில், சாப்பாட்டு வேளைகளில், பேச்சைச் சுற்றி வளைத்துக் கொண்டுவருவார்.

"வேற ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்கலாமே. இன்னொரு தடவைதானே."

"உங்களுக்கு இன்னொரு தடவை. எனக்குக் கழுத்து ஒண்ணுதான்."

"டாக்டர் சொன்னாரே..."

"அவருதான் அந்தப் பொண்ணையும் வச்சிருக்காரு. குத்தத் தெரியுது, எடுக்கத் தெரியுது, ஒரு கண்ணாடில தடவத் தெரியல. அவங்கள நம்பி எப்படிப் போறது? சொல்லுங்க, நம்பலாம்னு ஒரு காரணம் சொல்லுங்க, போறேன்."

ஒரே ஒரு காரணம் இருந்தது. அவர் சோற்றைப் பிசைந்தார். அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவன் ஒருத்தன். ஊசின்னு சொன்னாலே இவனுக்குத்தான் குத்தின மாதிரி மூஞ்சி போகுது" என்றார்.

மழை ஓய்வதற்குள் குரலில் கரகரப்பு ஏறியது. முதலில் சளி என்றார்கள். வெந்நீர், மிளகு, தேன் எல்லாம் ஆயின. பிறகு அறிவிப்பின் நடுவே குரல் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி காற்றாகப் போனது. ஓட்டுநர்கள் கேலி செய்தார்கள்.

"மைக்கக்கா, வண்டிக்கு எஃப்.சி. காட்டற மாதிரி தொண்டைக்கும் காட்டிட்டு வாங்க. சைலன்சர்ல ஓட்டை."

"உன் வண்டி கிளம்பறப்போ போடற சத்தத்துக்கு இது தேவலாம்டா, போ."

பயணிகள் வண்டி எண்ணைத் தவறாகக் கேட்டு வேறு மேடையில் நிற்பதாகப் புகார் வந்தது. நிலைய அதிகாரி ஒலிபெருக்கிகளை மாற்றினார். கம்பத்தில் புதிய குழல்கள் வந்தன. கரகரப்பு இன்னும் துல்லியமாகக் கேட்டது. மைக்கை மாற்றினார். பழைய மைக்கைப் பழுது பார்க்க எடுத்துக்கொண்டு போன மெக்கானிக், வழியில் கண்ணாடிக் கடையில் நிழலுக்கு ஒதுங்கினார்.

"இதுல ஒரு கோளாறும் இல்லைங்க. ஸ்குரூ ஒண்ணு லூஸ், அவ்வளவுதான். கோளாறு வேற எங்கயோ இருக்கு." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. "தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கண்ணாடிக்காரர் வெட்டிக்கொண்டிருந்த தகட்டைப் பாதியில் விட்டார். கோடு இழுத்த தகட்டை அப்படி விடக் கூடாது, தன்னிச்சையாகப் பிளந்துவிடும். சாலையைக் கடந்தார்.

அறையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனபோது அவள் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னைக்கு உள்ளேயே வந்துட்டீங்க? கண்ணாடி வெளியிலல்ல இருக்கு."

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

"எந்தப் பொண்ணு?"

"லேப் பொண்ணு. அவ சரியாத்தான் தடவியிருந்தா. அந்தக் கண்ணாடில ஒட்டியிருந்ததுதான் உன் கழுத்துல இருந்து எடுத்தது. எனக்குத் தெரியல. அழுக்குன்னு நினைச்சேன். பஸ்ல... பஸ்ல போறப்போ தொடச்சுட்டேன்."

அவள் குவளையைக் கீழே வைத்தாள்.

"அதையுமா?" என்றாள்.

சிரித்தாள். குரல் உடைந்த சிரிப்பு, பாதி காற்று. "அதையுமா தொடச்சீங்க?" கண்ணாடிக்கு வெளியே யாரோ ஒரு பயணி நேரம் கேட்டுத் தட்டினார். அவள் திரும்பவில்லை. சிரிப்பு நின்றபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"டாக்டர் சொன்னப்பவே."

"அன்னைக்கேவா? அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு நின்னப்போ?"

"ம்."

"நான் அவளத் திட்டினப்போ?"

அவர் தலையசைத்தார்.

"தொடச்சது கைப்பழக்கம்" என்று அவள் நிதானமாகச் சொன்னாள். "நான் அதுக்கு உங்களக் கோவிச்சுக்க மாட்டேன். இந்தக் கையோடதான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அதுக்கப்புறம் வாய மூடிக்கிட்டு இருந்தீங்களே, அது என்ன பழக்கம்? நான் வீட்டுல உக்காந்து தேனு குடிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க ஊத்திக் குடுத்தீங்க."

கடிகாரத்தைப் பார்த்தாள். பொத்தானை அழுத்தி, நகரத்து வண்டி இரண்டாவது மேடையிலிருந்து புறப்படுவதை அறிவித்தாள். 'இரண்டாவது' என்ற சொல் நடுவில் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். பொத்தானை விட்டுவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்குப் போய்க் குத்திக்கறேன். அந்தப் பொண்ணு இருக்கணும். நீங்க அவகிட்டப் பேசணும். எனக்கு முன்னால பேசணும்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்; லேப் பெண் இப்போது சீட்டு எழுதும் இடத்தில் இருந்தாள். கண்ணாடிக்காரர் சொல்லி முடிக்கும்வரை பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கு அதுக்கப்புறம் கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சுண்ணா" என்றாள். "யாருக்குத் தடவினாலும், இதுவும் ஒட்டாதோன்னு. நானே கேட்டுத்தான் இங்க மாத்திக்கிட்டேன்." பிறகு மனைவியைப் பார்த்தாள். "உடைச்சிடாதீங்கன்னு மட்டும்தான் சொன்னேன்க்கா. தொடாதீங்கன்னு சொல்லியிருக்கணும். யாருக்குத் தோணும்?"

"யாருக்கும் தோணாதும்மா. எனக்குத் தோணியிருக்கணும், இவரு கையத் தெரிஞ்சவ நான்தான். நான் உன்னத் திட்டினத மனசுல வச்சுக்காத. வா, வந்து நீயே தடவு."

விஷயத்தைக் கேட்ட மருத்துவர் கையுறையை மாட்டினார். பிறகு ஊசி போட்டார். கதவுக் கண்ணாடியில் அந்தப் பிளாஸ்திரி இன்னும் இருந்தது. மழை ஈரத்தில் ஓரங்கள் சுருண்டிருந்தன. இம்முறை கண்ணாடிக்காரர் அதை அளக்கவில்லை.

பெட்டி வெளியே வந்தபோது லேப் பெண் அதை மனைவியிடம் நீட்டினாள். மனைவி வாங்கிக் கணவரின் கையில் வைத்தாள். எதுவும் சொல்லவில்லை. முந்தைய நாள் மாலையிலிருந்தே அவரோடு நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். "அவரச் சாப்பிடச் சொல்லுங்க அண்ணி", "வெந்நீர் இருக்குன்னு சொல்லுங்க அண்ணி" என்று எல்லாம் அக்கா வழியாகத்தான். அது கோபமா, மிஞ்சியிருந்த குரலைச் சேமிப்பதா என்று அக்காவுக்கும் தெரியவில்லை. "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன ஒலிபெருக்கியா?" என்று முணுமுணுத்தபடியே சொல்லிவந்தார்.

துணியை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். வண்டியில் பெட்டியைத் திறக்கவில்லை. சட்டைப் பை வெறுமையாக இருந்தது; கை இரண்டு மூன்று தடவை தானாக அங்கே போய்த் திரும்பியது.

பெரிய ஆஸ்பத்திரியில், மறுமுறை வந்த சோதனை என்பதால், அங்கிருந்த பெண் மருத்துவர் உடனே பார்க்க ஒப்புக்கொண்டார். ஒரு சில்லை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெளிறிய தீற்றல், அதன் ஓரத்தில் சிவப்பு. கண்ணாடிக்காரர் வாழ்நாளில் இவ்வளவு ஆசையோடு ஓர் அழுக்கைப் பார்த்ததில்லை.

"நல்லாத் தடவியிருக்காங்க" என்றார் மருத்துவர். "இது போதும்."

அவரை வெளியே உட்காரச் சொன்னார்கள். நீளமான காத்திருப்பு அறையில் பலகைகளும் அமிலவாடையும் இருந்தன. வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டபோது மருத்துவர் வேறு குரலில் பேசினார். புற்றுக் கட்டி, அட்மிஷன் போட வேண்டும். ஆபரேஷன் செய்ய வேண்டும். உயிருக்கு உடனே ஆபத்து என்று பயப்பட வேண்டாம், ஆனால் சீட்டில் எழுதியிருக்கும் கரகரப்பைப் பார்த்தால் குரல் நரம்பைத் தொட்டிருக்கிறது என்றே தோன்றுகிறது என்றார்.

"குரல்?"

"அந்த நரம்ப விட்டுட்டு எடுக்க முடியாதுங்க. பேச்சு இருக்கும். பழைய குரல எதிர்பாக்காதீங்க. மைக்ல பேசறதெல்லாம்..." அவர் தலையை அசைத்தார்.

"மேடம், முன்னாடி அனுப்பின கண்ணாடில... அதுலயும் இது இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."

"அப்பவே தெரிஞ்சிருந்தா?"

"குரலக் காப்பாத்தியிருக்கலாம்னு உறுதியாச் சொல்ல முடியாது. முடியாதுன்னும் சொல்ல முடியாது."

திரும்பி வந்த வண்டி ஊருக்குள் நுழைந்தபோது மாலை வெயில் மேடைகளின் மேல் சாய்ந்திருந்தது. அவர் வந்த வண்டியின் வருகையை அவள்தான் அறிவித்தாள். ஒரு மூச்சில் முடிக்கும் வாக்கியத்தை மூன்று துண்டாகச் சொன்னாள். இறங்கி, அறையின் முன் போய் நின்றார். கண்ணாடியில் சில நாள் தூசி; அதன் உட்புறம் அவள் சாய்ந்து வெளியே பார்த்த இடத்தில் மூச்சின் மங்கல். அதற்குப் பின்னால் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. கீழே இருந்த சிறு திறப்பின் வழியே குரல் வந்தது. நேராக அவரிடம்.

"கண்ணாடி எப்படி இருந்துச்சாம்?"

"நல்லா இருந்துச்சாம். நிறைய... நிறைய இருந்துச்சாம்."



"இது?" விரல் தொண்டையைத் தொட்டது மங்கலாகத் தெரிந்தது.

அவர் வாயைத் திறந்தார். இந்த முறை மறைக்க எண்ணவில்லை, சொல் வரவில்லை. தலையை இடமும் வலமுமாக அசைத்தார். வண்டி ஒன்று பின்னோக்கி வந்து புகையைக் கக்கிவிட்டு நின்றது.

"சரி" என்றாள். சற்றுப் பொறுத்து, "இதத் தொடச்சு விடுங்க. எந்த வண்டி நிக்குதுன்னே தெரியல எனக்கு" என்றாள்.

கை சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே எதுவும் இல்லை. சட்டை நுனியை வெளியே இழுத்து, மூலை முதல் மூலை வரை துடைத்தார். முகம் தெரிந்தது, கழுத்து தெரிந்தது, புதிய பஞ்சு தெரிந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற வண்டியின் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் சாலையைக் கடந்து கடைக்குப் போனார். முதல் நாள் பாதியில் விட்ட தகடு மேசையின் மேல் கோட்டை விட்டு விலகிக் குறுக்காகப் பிளந்து கிடந்தது. அதைத் தொடாமல் சுவரோரம் போய், மெல்லிய தகடுகளில் முன்னால் இருந்ததன் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக் காத்திருந்தார். அறிவிப்பு வந்தது. நின்று நின்று, முழுவதுமாக வந்தது. கைக்கு அடியில் தகடு முனகாமல் சும்மா இருந்தது. கையை எடுத்தபோது ஐந்து விரலும் அதில் பதிந்திருந்தன.